இளவேனிற் கோதுமை இரகத் தேர்வு

இளவேனிற் கோதுமை இரகத் தேர்வு என்பது, இளவேனிற் கோதுமையின் பல இரகங்களுள் ஒரு குறிப்பிட்ட பண்ணைக்குப் பொருத்தமானவற்றைத் தெரிந்தெடுத்து விதைக்கும் செயற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வட டகோட்டா, தென் டகோட்டா, மினசோட்டா, மொன்ட்டானா மாநிலங்களிலும், கனடாவின் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களிலும் பரந்துள்ள வட பெருஞ்சமவெளியில் இது உழவர்கள் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவுகளுள் ஒன்றாகும். உரம், பூஞ்சைக்கொல்லி முதலியவை பற்றிய முடிவுகளைப் பயிரின் வளர்ச்சிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விதைத்த இரகத்தை அறுவடை வரை மாற்ற இயலாது.

விளைச்சல், புரத அளவு, நோய் எதிர்ப்பு, தண்டின் வலிமை, முதிர்ச்சிக் காலம் ஆகிய அனைத்திலும் சிறந்து விளங்கும் ஒரே இரகம் என்று எதுவும் இல்லை. ஒன்றில் மேம்பட்ட இரகம் பெரும்பாலும் மற்றொன்றில் பின்தங்கியிருக்கும். மேலும், ஓர் இரகத்தின் நோய் எதிர்ப்பு நிலையானது அன்று. நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் மாறும்போது, நேற்று காப்பளித்த இரகம் நாளை வீழ்ச்சியடையலாம். இதனால் இரகத் தேர்வு ஒருமுறை செய்து முடிக்கும் செயலாக இல்லாமல், தொடர்ந்து மீளாய்வு செய்யப்படும் ஒன்றாக உள்ளது.

இளவேனிற் கோதுமை

கோதுமை அதன் வளர்ச்சி இயல்பைக் கொண்டு குளிர்காலக் கோதுமை, இளவேனிற் கோதுமை என இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. குளிர்காலக் கோதுமை பூப்பதற்குப் பல வாரங்கள் நீடிக்கும் குளிர் தேவை. எனவே அது இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, பனிக்காலத்தைக் கடந்து, அடுத்த கோடையில் அறுவடையாகிறது. இளவேனிற் கோதுமைக்கு இத்தகைய குளிர்த் தூண்டல் தேவையில்லை. கடுங்குளிரில் இளம்பயிர் மடிந்துவிடும் வட பெருஞ்சமவெளியில் இது ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கப்பட்டுப் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில் அறுவடை செய்யப்படுகிறது.

இப்பெயர் விதைக்கும் பருவத்தை மட்டும் குறிப்பதன்று. இந்தியாவில் நவம்பர் மாதத்தில் விதைக்கப்படும் கோதுமையும் இயல்பால் இளவேனிற் கோதுமையே ஆகும்.

வட பெருஞ்சமவெளியில் மிகுதியாக விளைவது கடினச் சிவப்பு இளவேனிற் கோதுமை ஆகும். இதன் புரத அளவு பொதுவாக 13 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். வலிமையான குளூட்டன் கொண்ட இதன் மாவு ரொட்டி தயாரிப்புக்கு ஏற்றது. புரதம் குறைந்த பிற கோதுமைகளுடன் கலந்து அவற்றின் தரத்தை உயர்த்தவும் இது பயன்படுகிறது.

வரலாறு

ரெட் ஃபைஃப், மார்க்விஸ்

1840களில் கனடாவின் ஒன்றாரியோவில் டேவிட் ஃபைஃப் என்னும் உழவர் பயிரிட்டுப் பெருக்கிய ரெட் ஃபைஃப் இரகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை மேற்குக் கனடாவில் முதன்மை பெற்றிருந்தது. மாவின் தரம் உயர்ந்ததாக இருந்தபோதும் இது தாமதமாக முதிர்ந்தது. இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி முன்கூட்டியே வந்த ஆண்டுகளில் பயிர் முதிராமலே கெட்டது.

இக்குறையைப் போக்க, இந்தியாவிலிருந்து பெறப்பட்டதும் விரைவில் முதிர்வதுமான ஹார்ட் ரெட் கல்கத்தா என்னும் கோதுமையுடன் ரெட் ஃபைஃப் கலக்கப்பட்டது. 1892ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இக்கலப்பின் வழித்தோன்றல்களிலிருந்து, சார்லஸ் சாண்டர்ஸ் என்னும் அறிவியலாளர் 1903ஆம் ஆண்டு முதல் ஒட்டாவாவில் சிறந்த செடிகளைத் தெரிந்தெடுத்தார். சில மணிகளே கிடைத்த நிலையில் மாவரைத்துச் சோதிக்க இயலாததால், அவர் மணிகளை வாயில் மென்று குளூட்டனின் தன்மையை மதிப்பிட்டார். இவ்வாறு உருவான மார்க்விஸ் இரகம், ரெட் ஃபைஃபை விட ஒரு வாரத்துக்கும் மேலாக முன்னதாக முதிர்ந்தது. 1920ஆம் ஆண்டளவில் மேற்குக் கனடாவின் கோதுமைப் பரப்பில் மிகப் பெரும்பகுதியை இந்த ஒரே இரகம் கைப்பற்றியிருந்தது.

துரு நோய்க் கொள்ளைகள்

மார்க்விஸ் தண்டுத் துரு நோய்க்கு எளிதில் இலக்காகும் இரகமாகும். ஒரு பூஞ்சையால் உண்டாகும் இந்நோயின் வித்துகள், அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து காற்றில் வடக்கு நோக்கிப் பரவுகின்றன. தண்டின் திசுக்கள் சிதைவதால் மணிகள் நிரம்பாமல் சுருங்கிவிடும். 1916ஆம் ஆண்டில் ஏற்பட்ட கொள்ளைநோயால் இரு நாடுகளிலும் பெரும் இழப்பு ஏற்பட்டது. இதையடுத்து 1918ஆம் ஆண்டில், துருப் பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியில் இடம்பெறும் பார்பெரி என்னும் புதரை ஒழிக்கும் திட்டம் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பூஞ்சையின் பாலினப் பெருக்கம் அப்புதரில் நிகழ்வதால், புதிய பூஞ்சை இனங்கள் அங்கே தோன்றக்கூடும்.

1926ஆம் ஆண்டில் வட டகோட்டாவில் வெளியிடப்பட்ட சீரீஸ் இரகம், அக்காலத்தில் பரவியிருந்த துரு இனங்களைத் தாங்கியது. உழவர்களும் அதற்கு மாறினர். 1934ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பின் 1935இல் மழை பெய்து பயிர் செழித்தது. ஆனால் அதே ஈரம் துரு நோய்க்கும் துணையானது. சீரீஸ் தாங்க இயலாத 56ஆம் இனம் என்னும் துருப் பூஞ்சை பரவியதால், வட டகோட்டாவின் கோதுமை விளைச்சலில் பாதிக்கு மேல் அழிந்தது. வறட்சியில் ஓர் ஆண்டு விளைச்சலை இழந்திருந்த குடும்பங்கள், நம்பியிருந்த அடுத்த ஆண்டு விளைச்சலையும் இழந்தன.

மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட தாட்சர் இரகம் சீரீசின் இடத்தைப் பிடித்தது. 1950ஆம் ஆண்டில் 15பி என்னும் புதிய துரு இனம் பரவத் தொடங்கியபோது அதுவும் காப்பிழந்தது. 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பேரிழப்பு நேர்ந்தது.

இவற்றுக்கு மாறாக, எட்கர் மக்ஃபேடன் என்னும் தென் டகோட்டா அறிவியலாளர் உருவாக்கிய ஹோப் இரகத்தின் எதிர்ப்பு நீண்டகாலம் நிலைத்தது. இவர் எம்மர் என்னும் பழங்காலக் கோதுமையை மார்க்விசுடன் கலந்தார். எம்மர், தமிழ்நாட்டில் சம்பாக் கோதுமை என அறியப்படும் அதே சிற்றினமாகும். ஹோப் வழியாக வந்த எஸ்ஆர்2 என்னும் மரபணு நோயை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. பல துரு இனங்களுக்கு எதிராகவும் பயன்படுவதால் இது உலகின் பல பகுதிகளில் பயிர் மேம்பாட்டில் இடம்பெற்றுள்ளது.

கதிர்க் கருகல் நோய்

1993ஆம் ஆண்டில் வட டகோட்டா, மினசோட்டா எல்லையில் உள்ள சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில், பியூசேரியம் கதிர்க் கருகல் நோய் பெருமளவில் பரவியது. பூக்கும் பருவத்தில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் இப்பூஞ்சை கதிரைத் தாக்குகிறது. மணிகள் வெளுத்துச் சுருங்குவதுடன், டிஆக்சிநிவலினால் என்னும் நச்சுப்பொருளும் அவற்றில் சேர்கிறது. இதனால் அறுவடையான தானியமும் விலைபோகாமல் போகலாம். மனித உணவுக்கான முடிவுற்ற கோதுமைப் பொருட்களில் இந்நச்சு பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் அறிவுரை வரம்பாகும்.

அன்று பயிரிடப்பட்ட இரகங்களில் போதிய எதிர்ப்பு இருக்கவில்லை. சுமாய் 3 என்னும் சீனக் கோதுமையிலிருந்து எதிர்ப்பைப் பெற்று உருவாக்கப்பட்ட ஆல்சன் இரகத்தை வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. நோய் தொடங்கியதற்கும் இவ்விரகம் உழவர் கைக்கு வந்ததற்கும் இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்தன. இன்றும் இந்நோயை முழுவதும் தடுக்கும் இரகம் இல்லை. ஓரளவு எதிர்ப்புள்ள இரகத்தை விதைத்து, பூக்கும் பருவத்தில் பூஞ்சைக்கொல்லியும் தெளிப்பதே பரிந்துரைக்கப்படும் வழியாகும்.

தேர்வில் கருதப்படும் பண்புகள்

விளைச்சலும் புரதமும்

கோதுமை விளைச்சல் அமெரிக்காவில் புசல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு புசல் கோதுமை 60 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 27.2 கிலோகிராம் எடை உடையது. கடினச் சிவப்பு இளவேனிற் கோதுமைக்குக் கொள்முதல் நிலையங்கள் பொதுவாக 14 விழுக்காடு புரதத்தை அடிப்படையாகக் கொண்டு விலை குறிக்கின்றன. புரதம் அதற்குக் குறைந்தால் விலையில் கழிவும், சில ஆண்டுகளில் அதனை மிஞ்சினால் கூடுதல் விலையும் உண்டு.

மண்ணில் கிடைக்கும் தழைச்சத்து ஒரே அளவில் இருக்கும்போது, விளைச்சல் கூடினால் புரத விழுக்காடு குறைவது இயல்பு. எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு 60 புசல் தரும் முதல் இரகத்தின் புரதம் 14 விழுக்காடு என்றும், 70 புசல் தரும் இரண்டாம் இரகத்தின் புரதம் 12 விழுக்காடு என்றும் கொள்வோம். முதலாவது 3,600 இறாத்தல் தானியத்தையும், இரண்டாவது 4,200 இறாத்தல் தானியத்தையும் தருகின்றன. ஆனால் இரண்டிலும் உள்ள புரதம் 504 இறாத்தலே ஆகும்.

14 விழுக்காட்டுத் தானியத்தின் விலை புசலுக்கு 6 டாலர் என்றும், ஒவ்வொரு 0.2 விழுக்காட்டுக் குறைவுக்கும் 10 சென்ட் கழிவு என்றும் கொண்டால், 12 விழுக்காட்டுத் தானியம் 5 டாலருக்கே விற்கும். அப்போது ஏக்கருக்கு முதல் இரகம் 360 டாலரும் இரண்டாம் இரகம் 350 டாலரும் ஈட்டும். கழிவு 4 சென்ட் மட்டுமே எனில், இரண்டாம் இரகத்தின் விலை 5.60 டாலராகி வருவாய் 392 டாலராக உயரும். புரதம் மிகுந்த தானியம் அவ்வாண்டில் சந்தையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே கழிவு அமையும். விதைக்கும்போது அதனை உறுதியாக அறிய முடியாது. எனவே விளைச்சலை மட்டுமோ புரதத்தை மட்டுமோ கொண்டு இரகத்தைத் தேர்வது இடருக்கு வழிகோலும்.

நோய், பூச்சி எதிர்ப்பு

இரகப் பட்டியல்களில் இலைத் துரு, தண்டுத் துரு, மஞ்சள் துரு, கதிர்க் கருகல், பாக்டீரிய இலைக்கீற்று ஆகிய நோய்களுக்கான மதிப்பீடுகள் தனித்தனியே தரப்படுகின்றன. இவற்றுள் எது முதன்மையானது என்பது இடத்தைப் பொறுத்தது. ஈரப்பதம் மிகுந்த கிழக்குப் பகுதிகளில் கதிர்க் கருகலும், வறண்ட மேற்குப் பகுதிகளில் தண்டு அறுக்கும் பூச்சியும் கூடுதல் கவனம் பெறுகின்றன. பாக்டீரிய இலைக்கீற்று பூஞ்சையால் வருவதன்று. பூஞ்சைக்கொல்லிகள் இதற்குப் பயன்படா. எனவே இந்நோயில் இரகத் தேர்வே முதன்மையான பாதுகாப்பாகும்.

கோதுமைத் தண்டு அறுக்கும் பூச்சியின் புழு தண்டின் உட்குழியில் வாழ்ந்து, அறுவடைக்கு முன் அடித்தண்டை அறுத்துவிடும். கதிருடன் தண்டு தரையில் விழுவதால் அதனை இயந்திரத்தால் அறுவடை செய்வது கடினம். தண்டின் உட்பகுதி சோற்றுத் திசுவால் நிறைந்திருக்கும் இரகங்களில் புழு எளிதில் வாழ இயலாது. 1946ஆம் ஆண்டில் கனடாவில் வெளியான ரெஸ்கியூ இத்தகைய முதல் இரகமாகும். மொன்ட்டானாவில் 2003ஆம் ஆண்டில் வெளியான சோட்டோவும் இவ்வகையினதே.

தண்டின் வலிமையும் உயரமும்

காற்றாலும் மழையாலும் பயிர் சாய்ந்தால் விளைச்சலும் தானியத்தின் தரமும் குறையும். சாயும் தன்மை 1 முதல் 9 வரையிலான அளவுகோலில் குறிக்கப்படுகிறது. 1 என்பது நிமிர்ந்து நிற்கும் பயிரையும், 9 என்பது முற்றிலும் சாய்ந்த பயிரையும் குறிக்கும். ஜப்பானின் நோரின் 10 இரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்கள் பயிரின் உயரத்தைக் குறைத்து, கூடுதல் உரத்தையும் சாயாமல் ஏற்கும் தன்மையைத் தந்தன. மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட எரா இரகம், வட பெருஞ்சமவெளியின் தொடக்ககாலக் குட்டை இரகங்களுள் ஒன்றாகும். அதே பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு வெளியீடான லிங்கெர்ட், வலிமையான தண்டுக்கும் உயர்ந்த புரதத்துக்கும் பெயர்பெற்றது.

முதிர்ச்சியும் தானியத் தரமும்

விரைவில் முதிரும் இரகங்கள் கோடையின் உச்ச வெப்பத்துக்கும் இலையுதிர்காலப் பனிக்கும் தப்புகின்றன. தாமதமாக முதிரும் இரகங்கள், மழை போதுமானதாக இருப்பின், கூடுதல் விளைச்சல் தரக்கூடும். பெரும் பண்ணைகளில் முதிர்ச்சிக் காலம் வேறுபடும் இரகங்களை விதைப்பதால் அறுவடை வேலையும் பகிர்ந்து அமையும்.

தானியத்தின் புசல் எடையும் கருதப்படுகிறது. கடினச் சிவப்பு இளவேனிற் கோதுமை அமெரிக்க முதல் தரம் பெற, ஒரு புசல் கொள்ளளவில் குறைந்தது 58 இறாத்தல் எடை இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் சில இரகங்கள் கதிரிலேயே முளைவிடும். அப்போது உருவாகும் நொதி மாவுப்பொருளைச் சிதைப்பதால் ரொட்டி பிசுபிசுப்பாகிறது.

இரக ஆய்வு முடிவுகளைப் படித்தல்

பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் பல இடங்களில் இரகங்களை அருகருகே பயிரிட்டு ஒப்பிட்டு, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. ஒரே வயலிலும் மண் இடத்துக்கிடம் மாறுபடும் என்பதால், ஒவ்வோர் இரகமும் தற்செயல் வரிசையில் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப விதைக்கப்படுகிறது. அவ்வாறு செய்தும் எஞ்சும் மாறுபாட்டைக் கணக்கிட்டு, பொருள்படும் மிகக்குறைந்த வேறுபாடு என்னும் எண் அட்டவணையின் அடியில் தரப்படும்.

எடுத்துக்காட்டாக, இவ்வெண் 5 புசல் எனக் கொள்வோம். 72 புசல் தந்த இரகமும் 69 புசல் தந்த இரகமும் உண்மையில் வேறுபட்டவை என்று அவ்வாய்வைக் கொண்டு கூற இயலாது. அவ்விடத்தில் புரதம், நோய் எதிர்ப்பு போன்ற பிற பண்புகளைக் கொண்டு முடிவெடுப்பதே தக்கது.

வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்வுத் திடலின் ஓராண்டு முடிவே நம்பத்தக்கது என்று எண்ணுவது பொதுவான பிழையாகும். மண் ஒத்திருந்தாலும் அடுத்த ஆண்டின் வானிலை ஒத்திருப்பதில்லை. வெவ்வேறு இடங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பெற்ற சராசரி, வறட்சி, ஈரம், வெப்பம் ஆகிய பல சூழல்களில் இரகம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. அட்டவணையின் உச்சியில் ஓராண்டு மட்டும் இருந்த இரகத்தை விட, எல்லா ஆண்டுகளிலும் மேற்பாதியில் நின்ற இரகம் பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வாகும்.

இடரைப் பகிர்தல்

ஒரே இரகத்தைப் பண்ணை முழுவதும் விதைப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு எதிர்ப்புப் பின்னணியும் முதிர்ச்சிக் காலமும் கொண்ட சில இரகங்களை விதைக்குமாறு உழவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. புதிய இரகத்தை முதலாண்டில் சிறு பரப்பில் சோதித்துப் பார்ப்பதும் வழக்கமாகும்.

எதிர்ப்பைப் பேணுவதற்காகவே இரகங்களைக் கலந்து விதைக்கும் முறையும் உண்டு. கனடாவில் கோதுமைப் பூ ஈயின் புழுக்களைக் கொல்லும் எஸ்எம்1 என்னும் ஒரே மரபணுவையே உழவர்கள் நம்பியுள்ளனர். அதைத் தாங்கும் ஈக்கள் பெருகினால் காப்பு முழுவதும் போய்விடும். ஆகவே 2010ஆம் ஆண்டு முதல், 90 விழுக்காடு எதிர்ப்புள்ள விதையும் 10 விழுக்காடு எதிர்ப்பற்ற விதையும் கலந்து விற்கப்படுகின்றன. எதிர்ப்பற்ற செடிகளில் பிழைக்கும் சாதாரண ஈக்கள், எதிர்ப்பைத் தாங்கும் அரிய ஈக்களுடன் இணைசேர்வதால் அத்தன்மை பரவுவது தாமதமாகிறது. சிறு இழப்பை ஏற்று நீண்டகாலக் காப்பைப் பெறுவது இம்முறையின் நோக்கமாகும்.

இந்தியத் தொடர்பு

மார்க்விசின் பெற்றோருள் ஒன்றாக இந்தியக் கோதுமை இருந்ததைப் போலவே, பிற்காலத்தில் நோரின் 10 வழிவந்த குட்டை இளவேனிற் கோதுமைகள் மெக்சிக்கோவிலிருந்து இந்தியாவுக்கு வந்தன. நார்மன் போர்லாக் உருவாக்கிய இவ்விரகங்களை இந்தியாவில் பரப்புவதில், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் முன்னின்றார். 1966ஆம் ஆண்டில் 18,000 டன் விதை இறக்குமதி செய்யப்பட்டது. இவ்வழியில் தெரிந்தெடுக்கப்பட்ட கல்யாண் சோனா இரகம் மிக விரைவாகப் பரவியது; 1970களில் துரு நோய்க்கு இலக்காகித் தன் இடத்தை இழந்தது. வடமேற்கு இந்தியாவில் பெரும்பரப்பில் பயிரிடப்பட்ட பிபிடபிள்யூ 343 இரகமும் 2000களின் பிற்பகுதியில் மஞ்சள் துருவால் அதே நிலையை அடைந்தது.

நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ந்த தட்பவெப்பத்தில் துருப் பூஞ்சைகள் கோடையிலும் உயிர்பிழைக்கின்றன. அங்கிருந்து வித்துகள் காற்றில் வடக்கு நோக்கிப் பரவக்கூடும். இதனால் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையத்தில், துரு எதிர்ப்புக்காகக் கோதுமை இரகங்கள் சோதிக்கப்படுகின்றன. கோதுமை மிகக் குறைவாகவே விளையும் தமிழ்நாட்டின் இம்மலைகள், அது பெருமளவில் விளையும் மாநிலங்களின் இரகத் தேர்வுக்கு இவ்வாறு உதவுகின்றன.